கல்லூரி மாறினால் கட்டிய பணமும் அசல் சான்றிதழும் திரும்பக் கிடைக்குமா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது, கிடைக்கிற இடத்தைப் பிடித்து வைப்பதுதான். கலந்தாய்வு எப்போது முடியும், விரும்பிய பாடம் கிடைக்குமா என்று தெரியாத நிலையில் ஏதோ ஒரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். சில வாரம் கழித்து வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் வருகிறது. அப்போதுதான் கேள்விகள் வரிசையாக வருகின்றன. கட்டிய பணம் வருமா? விடுதிக்குக் கட்டியது என்னாகும்? மதிப்பெண் சான்றிதழை அங்கே கொடுத்துவிட்டோமே, தருவார்களா?

"கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே விட்டுவிடுகிற பெற்றோர் நிறையப் பேர். அந்த ஒரு வரியால் விதி மாறிவிடாது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் இதற்கென்றே ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் என எல்லாவற்றுக்கும், இளநிலை முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை அது பொருந்தும். தனியார் கல்லூரி என்பதால் விலக்கு கிடையாது.

பணம் எவ்வளவு வரும் என்பது ஒரே ஒரு தேதியைப் பொறுத்தது. அந்த நிறுவனம் முறைப்படி அறிவித்த சேர்க்கையின் கடைசி நாள்தான் அது. நீங்கள் பணம் கட்டிய நாளோ வகுப்பு தொடங்கிய நாளோ கணக்கில் வராது. ஆகவே சேரும்போதே அந்தத் தேதியை அறிவிப்புப் பக்கத்தோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாக்குவாதம் வந்தால் உதவப்போவது அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 60,000 ரூபாய், சேர்க்கையின் கடைசி நாள் ஆகஸ்ட் 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது, அதாவது ஆகஸ்ட் 16-க்குள் விலகினால் 100 சதவீதமும் வரவேண்டும். நடைமுறைச் செலவு என்று 5 சதவீதம் வரை பிடிக்கலாம். இங்கே அது 3,000 ரூபாய். கட்டணம் ஒன்றரை லட்சமாக இருந்தாலும் பிடித்தம் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆகஸ்ட் 16 போய்விட்டது, ஆனால் மாதம் முடியவில்லை என்றால் 90 சதவீதம், அதாவது 54,000. கடைசி நாள் கடந்து பதினைந்து நாளுக்குள், செப்டம்பர் 15 வரை, 80 சதவீதம். அதற்கு அடுத்த பதினைந்து நாளில் பாதி. முப்பது நாளும் தாண்டிவிட்டால் ஒன்றும் வராது. காப்புத் தொகை, டெபாசிட் என்று தனியாக வாங்கியது இந்தக் கணக்கில் சேராது. அது கட்டணமே இல்லை என்பதால் முழுதாகத் திரும்ப வேண்டும்.

ஒரு நாள் தாமதம் பல ஆயிரம் ரூபாயைத் தின்றுவிடும் என்பது இதிலிருந்தே தெரியும். "நேரில் வந்து பேசுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அலுவலகத்தில் சொன்னால் காத்திருக்க வேண்டாம். விலகுகிறேன் என்ற கடிதத்தை அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் போடுங்கள். எழுத்து விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து பதினைந்து நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. எழுதிக் கொடுக்காதவருக்கு அந்தப் பதினைந்து நாள் தொடங்குவதே இல்லை.

சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான சலுகையும் வரும். நுழைவுத் தேர்வுகளும் கலந்தாய்வும் இழுத்துக்கொண்டே போனதால், 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி தனியாக ஒரு முடிவு எடுத்தது. 2024 செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணமும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் தரச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இப்படி வந்திருக்கிறது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு அப்படி ஏதும் வந்திருக்கிறதா என்று யுஜிசி இணையதளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் தனி விதி உண்டு. வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. தொடங்கிய பிறகு விலகி, அந்த இடத்தில் கடைசி நாளுக்குள் வேறொருவர் சேர்ந்துவிட்டால், நீங்கள் இருந்த காலத்துக்கான கட்டணத்தையும் விடுதி வாடகையையும் மட்டும் விகிதப்படி கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். இடம் காலியாகவே போனாலும் காப்புத் தொகையும் அசல் ஆவணங்களும் உங்களுடையவை. "நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் விடுவோம்" என்று மிரட்டுவது ஏஐசிடிஇ விதிப்படி கூடாத செயல். மருத்துவத்துக்கு இந்த விதிகளை அப்படியே வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அங்கே கலந்தாய்வின் சுற்றுக்குச் சுற்று தனி நிபந்தனைகள் இருக்கின்றன, வைப்புத் தொகையே போய்விடும் கட்டங்களும் உண்டு.

அடுத்தது சான்றிதழ். பணத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பணம் போனால் கடன் வாங்கியாவது அடுத்த கல்லூரியில் கட்டலாம். அசல் மதிப்பெண் சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளை அடுத்த இடத்தில் சேரவே முடியாமல் ஓர் ஆண்டை இழக்கலாம். 2018 அறிவிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. விண்ணப்பத்தோடு அசலைக் கேட்கக் கூடாது, மாணவர் சுய சான்றொப்பமிட்ட நகல் போதும். சேர்க்கையின்போது அசலை உங்கள் முன்னிலையிலேயே சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். மதிப்பெண் சான்றிதழ், பள்ளியை விட்டு வந்த சான்றிதழ் என எதையும் எந்தக் காரணம் சொல்லியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. நடைமுறையில் வாங்கி வைத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

விடுதியும் பாடமும் பற்றிய கேள்விகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பதில் கிடைக்க வேண்டும். சேர்க்கை தொடங்க அறுபது நாள் முன்பே தகவல் கையேட்டை இணையதளத்தில் போட வேண்டும் என்று யுஜிசியின் 2023 குறைதீர்ப்பு விதிமுறைகள் சொல்கின்றன. எந்தப் படிப்புக்கு எத்தனை இடம், யார் சேரலாம், பாடத்திட்டம் சுருக்கமாக என்ன, ஆசிரியர்கள் யார், கட்டணம் எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு, விடுதி வசதி என்ன, அதற்கு எவ்வளவு, விலகினால் எத்தனை சதவீதம் திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கையேட்டைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அப்புறம், முன்பணமாக அந்தப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டும்தான் கேட்கலாம். மொத்தப் படிப்புக்கும் சேர்த்து இப்போதே கட்டுங்கள் என்றால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு மேலே சொன்ன எதுவும் கைகொடுக்காது. கட்டாய நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. எனவே ரசீது தர மறுக்கிற இடத்தில் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

சரி, எழுதிக் கொடுத்தும் பதில் இல்லையென்றால்? ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பணம் தராததும் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் அந்தக் குழு விசாரிக்க வேண்டிய புகார்கள் என்று 2023 விதிமுறைகளே பட்டியலிடுகின்றன. குழு பதினைந்து வேலை நாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி போன்ற ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். முப்பது நாளில் முடிக்க அவர் முயல வேண்டும். யுஜிசியின் இ-சமாதான் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். புகாரோடு ரசீது, விலகல் கடிதத்தின் ஒப்புகை, சேர்க்கையின் கடைசி நாளைக் காட்டும் படம் ஆகிய மூன்றையும் இணையுங்கள். கேட்கும் தொகை எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டு ரூபாயிலேயே எழுதிவிடுங்கள்.