டூலைத் தூக்குனா எக்செல் ஏன் மக்கர் பண்ணுது?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கா சீசன் வந்துட்டா மண்டிலயும் மாங்கூழ் ஃபேக்டரிலயும் பில்லு போடற வேலை ராத்திரி வரைக்கும் ஓடும், பெங்களூரா மாங்கா இத்தனை டன்னு கிலோ இவ்ளோன்னு எக்செல்ல அடிச்சா கீழ "ரூபாய் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மட்டும்"னு எழுத்துல தானா வந்து உக்காரணும். இதுக்கு எக்செல்ல சொந்தமா ஃபங்ஷன் கிடையாது (தாய்லாந்துக்காரங்களுக்கு மட்டும் பாத்டெக்ஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நம்ம லட்சம் கோடிக்கு இல்ல), அதனால வெளிய யாரோ எழுதுன ஒரு ஆட்-இன்னை (எக்செல்லோட ஒட்டிக்கிட்டு ஓடற கூடுதல் டூல்) போட்டுத்தான் நிறைய பேரு ஓட்டறாங்க. சிஸ்டம் ஸ்லோவா இருக்குன்னு ஒருநாள் யாராச்சும் அதை அன்இன்ஸ்டால் பண்ணிடுவாங்க. அப்ப பழைய பில்லைத் திறந்தா நல்லாத்தான் தெரியும், ரேட்டை மாத்தி என்டர் தட்டுன உடனே எழுத்துல இருந்த தொகை காணாமப் போய் அங்க #நேம்?னு (இந்தப் பேர்ல ஃபங்ஷன் எதுவும் தெரியலன்னு எக்செல் சொல்றது) வந்து நிக்கும், போதாக்குறைக்கு எக்செல்லைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆட்-இன் ஃபைலைக் காணோம்னு ஒரு மெசேஜ் வேற.

முதல்ல நல்லா தெரிஞ்சுதே, அது எப்படி? எக்செல் ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு விஷயத்தை சேவ் பண்ணுது, ஒண்ணு ஃபார்முலா, இன்னொண்ணு அது கடைசியா குடுத்த விடை. ஃபைலைத் திறக்கும்போது பழைய விடையைத்தான் காட்டும். அந்த செல்லைத் திரும்ப கணக்குப் போட வேண்டி வந்தாத்தான் ஃபங்ஷனைத் தேடிப் போகும், போனா ஆள் இல்ல.

அன்இன்ஸ்டால்னா எல்லாம் சுத்தமா போயிடும்னு நாம நினைக்கறோம். ஆனா அந்த வேலையைச் செய்யறது விண்டோஸ் இல்ல, அந்த டூலை எழுதுனவங்க கூடவே குடுத்த அன்இன்ஸ்டாலர்தான், இன்ஸ்டால் பண்றப்ப எதெல்லாம் போட்டுச்சோ பெரும்பாலும் அதை மட்டும்தான் அதுக்குத் தெரியும். அப்புறம் டூல் ஓடிக்கிட்டு இருக்கறப்ப எக்செல்லோட செட்டிங்ல, ரிஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட செட்டிங்கையெல்லாம் எழுதி வைக்கற நோட்டு), நம்ம பில் ஃபைலுக்குள்ளன்னு மத்தவங்க இடத்துல எழுதி வச்ச முகவரியெல்லாம் அது கணக்குலயே வராது. ஃபைல் போயிடுது, "இந்த ஃபைலைக் கூப்பிடு"ன்னு எழுதுன வரி மட்டும் அப்படியே நிக்குது. பாதி கோளாறுக்கு மேல இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அதனாலதான் ஆபீஸையே தூக்கிட்டு மறுபடி போட்டாலும் சரியாக மாட்டேங்குது. ஆட்-இன் லிஸ்ட் நம்ம யூசர் கணக்கோட செட்டிங்ல கிடக்கு, ஆபீஸைத் தூக்குனாலும் அது பெரும்பாலும் போறதில்ல. எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டுங்கன்னு சொல்றவங்களும் உண்டு, அது விண்டோஸோட சொந்த சிஸ்டம் ஃபைல் கெட்டுப் போயிருக்கான்னு பாக்கறதுக்கு, வெளியாள் எழுதிட்டுப் போன வரியை அது தொடவே தொடாது.

எக்செல்னா ஒரு பில்லு நிக்கும், அவ்ளோதான். டிரைவர் (விண்டோஸையும் கீபோர்டு மாதிரி சாமானையும் பேச வைக்கற ப்ரோக்ராம்) லெவல்ல நடந்தா மிஷினே படுத்துடும். கீயை இடம் மாத்தற, கீபோர்டை லாக் பண்ற சில டூலுங்க கீபோர்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவுல ஃபில்டர் டிரைவர்னு ஒண்ணைச் சொருகும். மாந்தோப்புல சொட்டுநீர் மெயின் பைப்பை நடுவுல அறுத்து ஃபில்டர் மாட்டற மாதிரிதான் இது, அப்புறம் அந்த ஃபில்டரை மட்டும் கழட்டிட்டு பைப்பைத் திரும்ப சேக்காம விட்டா கடைசி மரம் வரைக்கும் தண்ணி போகாது. ரிஜிஸ்ட்ரில அப்பர்ஃபில்டர்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல பேரு இருந்து டிரைவர் ஃபைல் இல்லன்னா விண்டோஸ் அந்தப் பேரைத் தாண்டி அடுத்ததுக்குப் போகாது, கீபோர்டையே ஸ்டார்ட் பண்ணாம நிறுத்திடும். டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறியோட எரர் கோடு 39, சில சமயம் 19னு காட்டும்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடைல இது நடந்தா கீபோர்டு போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டுவாங்க. அதுவும் ஓடாது, ஏன்னா அந்தப் பட்டியல் எல்லா கீபோர்டுக்கும் பொது. மவுஸ் ஓடுனா ஸ்க்ரீன் கீபோர்டைத் திறந்து ரிஜிஸ்ட்ரிக்குள்ள போய் செத்த டூலோட பேரை மட்டும் அந்தப் பட்டியல்ல இருந்து எடுக்கணும். கேபிடிகிளாஸ்னு இன்னொரு வரி அதுலயே இருக்கும், அது விண்டோஸோடது, அதையும் சேத்து அழிச்சா கீபோர்டு வரவே வராது. சிடி டிரைவுல இதே கோளாறு வந்தா அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் ரெண்டையுமே மொத்தமா எடுத்துடலாம், அங்க படிச்ச அதே பழக்கத்துல கீபோர்டுலயும் கை வைக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க. எதைத் தொடறதுக்கும் முன்னாடி ரிஜிஸ்ட்ரில அந்தப் பட்டியல் இருக்கற பகுதியை (அதுக்கும் பேரு கீதான்) எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க.

நெட் விஷயமும் இதே கதைதான். விளம்பரத்தைத் தடுக்கற டூல், சில விபிஎன் எல்லாம் பிரவுசரோட ப்ராக்ஸியை (நெட்டுக்குப் போற வழியில நடுவுல நிக்கற ஆளோட முகவரி) 127.0.0.1னு மாத்தி வைக்கும், அதாவது எல்லாத்தையும் இதே மிஷின்ல இருக்கற என்கிட்ட குடுன்னு அர்த்தம். டூல் போனதும் வாங்கிக்க அங்க ஆள் கிடையாது. பிங் (நெட் போகுதான்னு பாக்கற கமாண்ட்) போகும், வைஃபை ஃபுல்லா காட்டும், பக்கம் மட்டும் திறக்காது, ப்ராக்ஸியை ஆஃப் பண்ணா அடுத்த நொடியே வந்துடும்.

எங்க வரி மிச்சம் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எக்செல், வேர்டுன்னா கன்ட்ரோல் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே திறங்க, சேஃப் மோடுல வரட்டுமான்னு கேக்கும். அதுல ஒழுங்கா ஓடுனா கோளாறு ஆட்-இன் பக்கம்தான், ஆப்ஷன்ஸ்ல ஆட்-இன்ஸ் போய் டிக்கை எடுத்துடலாம். மத்ததுக்கு சிஸ்இன்டர்னல்ஸ் ஆட்டோரன்ஸ்னு ஒண்ணு இருக்கு, 2006ல மைக்ரோசாஃப்ட் வாங்குன கம்பெனியோடது, காசு இல்ல. விண்டோஸ் தானா கூப்பிடற அத்தனையையும் அது பட்டியல் போட்டு, ஃபைல் இல்லாத வரியை மஞ்சளா காட்டும், அழிக்காம முதல்ல டிக்கை மட்டும் எடுத்துப் பாருங்க. ரிஜிஸ்ட்ரி க்ளீனர் பக்கம் மட்டும் போகாதீங்க, அந்த மாதிரி டூலுக்கு மைக்ரோசாஃப்ட்டே ஆதரவு குடுக்கறதில்ல.

எதுவுமே புடிபடலன்னா, தூக்குன அதே டூலை அதே வெர்ஷன்ல திரும்பப் போடுங்க. பில்லு ஓட ஆரம்பிச்சதும் அந்தத் தொகை செல்லையெல்லாம் காப்பி பண்ணி பேஸ்ட் ஸ்பெஷல்ல வேல்யூஸா அதே இடத்துல ஒட்டிடுங்க, எழுத்தெல்லாம் நிரந்தரமா நின்னுடும். புது பில்லுக்கு, தொகையை எழுத்தா மாத்தற அந்த மேக்ரோவை (எக்செல்லுக்குள்ள எழுதற சின்ன ப்ரோக்ராம்) பில் ஃபைலுக்குள்ளயே வச்சுக்கிட்டா வெளிய எதையும் தேடிப் போகாது. அதுக்கப்புறம் எக்செல்லுக்கு உள்ள போய் ஆட்-இன் டிக்கை எடுத்து, மூடி ஒருதடவை திறந்து பாத்துட்டு கடைசியா அன்இன்ஸ்டால் பண்ணுங்க.