இருதயத்தில் ஓட்டை எப்படி விழுகிறது?

கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு வீட்டில், பிறந்த குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொல்லிவிட்டால் உறவினர்கள் முதலில் திரும்புவது தாயின் பக்கம்தான். கிரகணத்தன்று வெளியே போனாயா? பப்பாளி சாப்பிட்டாயா? கொடுமையான கேள்விகள். காரணமும் அங்கே இல்லை.

கரு உருவாகி ஏறக்குறைய 22-ஆம் நாளில் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அது வெறும் குழாய். அப்புறம் வலப்பக்கம் வளைந்து, உள்ளே சுவர்கள் எழும்பி, எட்டு வாரத்துக்குள் நான்கு அறைகளாகிவிடும். கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் முழுதாக மூடாமல் நின்றுவிடுவதுதான் அதிகம் காணப்படும் ஓட்டை. சிறியவை பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரியதை அடைக்க ஜாலான் துன் ரசாக்கில் ஐஜேஎன் எனும் தேசிய இருதயக் கழகம் இருக்கிறது. உலகில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று ஏதாவது ஒரு இருதயக் குறையோடு பிறக்கிறது.

இந்தக் கட்டுமானத்தை நடத்துபவை மரபணுக்கள். ஒவ்வொன்றிலும் நமக்குப் பெரும்பாலும் இரண்டு பிரதிகள் உண்டு, தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒன்று பழுதானால் மற்றது சமாளிப்பதே வழக்கம். டிபிஎக்ஸ்5 போன்ற மரபணுக்களில் அது நடப்பதில்லை. ஒரு பிரதி கெட்டால் அந்த மரபணு உண்டாக்கும் புரதம் பாதிதான் கிடைக்கும். சுவர் எழும்ப அது போதாது. இதே மரபணு கருவில் கை முளைக்கும் இடத்திலும் வேலை செய்கிறது. ஆகவே ஒரு குழந்தைக்குக் கட்டைவிரல் இல்லாமலோ, மற்ற விரல்களைப் போல மூன்று எலும்புகளோடோ இருந்தால் இருதயத்தையும் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். கையைப் பார்த்து இருதயத்தைச் சந்தேகிக்கும் இந்த அறிவு எனக்கு எப்போதும் வியப்புதான்.

டவுன் சிண்ட்ரோமில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 21-ஆவது ஒன்று கூடுதல். அக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயக் குறை உண்டு.

“எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே” என்பார்கள். உண்மைதான். பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம் குழந்தையில் புதிதாகத் தோன்றலாம். அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும்போதோ, மறைந்திருந்த ஒரே பழுது இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகளில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை.

மரபணுவுக்கு வெளியே, கர்ப்பத்தில் வரும் ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தொற்றும் தாயின் இனிப்பு நீரும் (நீரிழிவு) ஆபத்தைக் கூட்டும். இனிப்பு நீர் நம்மவரிடையே அதிகம். கருத்தரிக்கும் முன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் அந்த ஆபத்தைக் குறைக்கலாம்.

ஒரு குழந்தைக்குக் குறை இருந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இருதய ஸ்கேனைக் கேட்டு எடுங்கள். அப்பாவும் தன் பக்கத்துக் குடும்ப விவரங்களோடு டாக்டரிடம் போகட்டும்.