லுவார் ஆற்று மணல் திட்டு தரை அல்ல

ஜூன் பிறந்துவிட்டால் போதும், பாரிஸிலிருந்து தமிழ்க் குடும்பங்களின் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கோட்டையும் திராட்சைத் தோட்டமும் காட்ட வேண்டும், லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் சோமூரில் ஒரு நாள் வழிகாட்டியாக வர முடியுமா என்று கேட்பார்கள். அதுதான் என் பிழைப்பு, சந்தோஷமாக ஒப்புக்கொள்வேன். கட்டணம், நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்: "அங்கே ஆற்றில் இறங்கிக் குளிக்க நல்ல இடம் இருக்கிறதா?"

இல்லை. இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் லுவாரைப் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்தவராக இருப்பார்.

இத்தனை நாளும் வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சென்ற வாரம் கண்ணால் கண்ட ஒரு காட்சிக்குப் பிறகு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. என்னோடு வந்த குழு அல்ல, தாங்களே காரோட்டி வந்த குடும்பம். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேரனைத் தோளில் ஏற்றி, ஆற்றின் நடுவே இருந்த மணல் திட்டுக்கு நடந்தே போய்விட்டார். கரையில் நின்றவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது நாலு அடி தள்ளிக் கால் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மார்பு வரை இறங்கிவிட்டார். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பேரனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். குழந்தையின் ஒரு செருப்பு பாலத்துத் தூண் பக்கம் மிதந்து போனது. நல்ல வேளையாக அந்த நேரத்தில் தட்டையடிப் படகோடு ஓர் உள்ளூர்க்காரர் அருகில் இருந்தார். கரையேறியதும் தாத்தா சொன்ன முதல் வார்த்தை: "போகும்போது முழங்கால் அளவுதானே இருந்தது!"

ஆமாம் ஐயா. போகும்போது முழங்கால் அளவுதான். இந்த ஆற்றில் ஆளைக் கொல்வதே அந்த முழங்கால் அளவுதான்.

சோமூரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 300 கிலோமீட்டர். துஃபோ என்கிற வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய ஊர். குன்றின் மேல் கோட்டை, அதன் கீழே லுவார். 15ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சுவடி ஓவியம் ஒன்றில் இதே கோட்டையின் அடியில் பெண்களும் ஆண்களும் திராட்சை பறிக்கிறார்கள். சுல்லியிலிருந்து ஷலோன் வரையிலான லுவார் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, சோமூரும் அதற்குள் அடக்கம். கோடையில் நீர் வற்றியதும் ஆற்றின் நடுவே பொன்னிற மணல் திட்டுகள் எழும். வெயில் 35 பாகையைத் தொடும் நாளில் பாலத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் இறங்கத்தான் தோன்றும்.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் அந்த வாதத்துக்கு வருகிறேன். "அடி தெரிகிறது, மணல்தான், ஆழமே இல்லை, என்ன ஆகிவிடும்?"

அது தரை இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஆறு சுமந்து வந்து தற்காலிகமாக இறக்கி வைத்திருக்கும் சுமை அது. நேற்று அங்கே இருந்ததால் இன்றும் இருக்கும் என்று இல்லை. திட்டின் மேற்புறம், அதாவது நீர் வரும் பக்கம், சாய்வாக, கெட்டியாக, நடக்க வசதியாக இருக்கும். கீழ்ப்புறம், அதாவது நீரோட்டம் போகும் திசையில், திட்டு சட்டென்று முடிந்து செங்குத்தாக இறங்கும். ஓரடி முன்னால் முழங்கால், அடுத்த அடியில் தலைக்கு மேல். மேலே நீர்ப்பரப்பு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மினுமினுக்கும், வேறுபாடு தெரியாது. அந்த விளிம்பில் நின்றால் உங்கள் எடைக்கே மணல் சரியும். கடற்கரையில் அலை திரும்பும்போது பாதத்தின் அடியில் மணல் கரைந்து ஓடுமே, அதே கதைதான், ஆனால் இங்கே அலை திரும்பி வந்து உங்களைக் கரையில் தள்ளாது. தள்ளினால் நீரோட்டத்துக்குள்தான் தள்ளும். விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தால் பிடித்த மணலும் கையோடு வந்துவிடும். நீச்சல் தெரிந்தவன் அந்த இடத்தில் செய்யும் முதல் தவறு, நின்ற இடத்துக்கே நீரோட்டத்தை எதிர்த்து நீந்தித் திரும்பப் பார்ப்பது. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும்.

பாலத் தூண்களைச் சுற்றி நீர் சுழன்று குடைந்த குழிகள் வேறு இருக்கின்றன. படகுப் போக்குவரத்துக்காக அந்தக் காலத்தில் ஆற்றுக்குள் போட்ட கல்லணைகள் நீருக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. இதையெல்லாம் விளக்கிக்கொண்டே போகலாம், போதும்.

இந்தப் பகுதிக்காரர்கள் 1969ஐ மறக்கவில்லை. அந்த ஜூலையில், சோமூருக்குக் கீழே ஆஞ்சே நகருக்கு அருகில், லுவாருக்கு அழைத்து வரப்பட்ட குழந்தைகளில் 19 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதனால்தான் கரையில் 'குளிக்கத் தடை' பலகைகளைப் பார்க்கிறீர்கள். அபராதம் வசூலிக்க வைத்தவை என்று நினைத்து நம்மவர்கள் அவற்றின் மேல் துண்டைக் காயப் போடுகிறார்கள்.

அடுத்த வாதம் தயாராக இருக்கும்: "தம்பி, நாங்கள் காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்." இருக்கட்டும் ஐயா. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணற்குழியில் சிக்கி எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கேயாவது எந்தத் துறையில் இறங்கலாம், எங்கே கூடாது என்று சொல்ல ஊர்ப் பெரியவர் ஒருவர் இருப்பார். இங்கே அந்தப் பெரியவர் எழுதி வைத்த பலகையைத்தான் நீங்கள் படிக்க மறுக்கிறீர்கள்.

மது விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சோமூரில் நுரைக்கும் ஒயின் தயாரிக்கிறார்கள். கல் வெட்டிய சுரங்கங்கள்தான் இன்று நிலவறைகள். உள்ளே கோடையிலும் 12 பாகைதான், பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்து வாருங்கள். ருசி பார்க்கும் இடத்தில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அநாகரிகம் என்று நினைத்து ஊற்றியதையெல்லாம் விழுங்குகிறார்கள் நம்மவர்கள். ஒயின் தயாரிப்பவரே துப்புகிறார், உங்களுக்கு என்ன கூச்சம்? காரோட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரம்பு. உரிமம் எடுத்து மூன்றாண்டு ஆகாத புது ஓட்டுநருக்கு 0.2, அதாவது ஒரு கோப்பைகூடக் கூடாது. ஆனால் சாலையைவிட எனக்குப் பயம் தருவது வேறு: காலையில் நிலவறை, மதியம் கரையில் சாப்பாடு, பிறகு ஆறு என்ற வரிசை. அதனால்தான் நான் நிலவறையை எப்போதும் மாலைக்குத் தள்ளி வைக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் அப்போதுதான் வெளிச்சம் அழகாக இருக்கும் என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, வெளியே யாரும் சொல்லாதது. பலர் முதலில் ஒழுங்காக நகராட்சி நீச்சல் குளத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே தொளதொள அரைக்கால் சட்டையோடு ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். உடம்போடு ஒட்டிய நீச்சல் உடைதான் வேண்டும், பல குளங்களில் தொப்பியும் கட்டாயம். சுடிதாரோடு குளத்தில் இறங்கவும் முடியாது. திருப்பி அனுப்பப்பட்ட கோபத்தில் நேராக ஆற்றுக்கு வந்துவிடுகிறார்கள்! சில யூரோ உடை இல்லாததற்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

ஆற்றை ரசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டையடிப் படகுச் சவாரி இருக்கிறது, ஆற்றின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவர் ஓட்டுவார். கரையோரம் சைக்கிள் பாதை இருக்கிறது. வியென் ஆறு லுவாரில் கலக்கும் காந்த் கிராமத்துக்குப் போங்கள். புனித மார்த்தேன் 397இல் உயிர்விட்ட ஊர். தேவாலயத்துக்குப் பின்னால் மேடேறி நின்றால் இரண்டு ஆறுகளும் சேர்வது தெளிவாகத் தெரியும். மேலேயே நில்லுங்கள். கீழே சங்கமத்தில் அழகான மணல்வெளி ஒன்று இருக்கிறது, இரண்டு நீரோட்டங்கள் மோதுகிற இடமும் அதுதான். வசந்தத்திலிருந்து ஆகஸ்டு வரை மணல் திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மணல் நிறத்திலேயே இருக்கும் முட்டைகள் காலடியில் நசுங்குவது தெரியக்கூடத் தெரியாது. உங்கள் உயிருக்காக இல்லாவிட்டாலும் அவற்றுக்காகவாவது திட்டை விட்டுவிடுங்கள்.

அப்படியும் யாராவது நீரில் சிக்கிவிட்டால், பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் மூழ்குவதுதான் வழக்கம். மிதக்கும் எதையாவது எறியுங்கள்: குளிர்பெட்டி, மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன். கரையில் படுத்துக்கொண்டு புடவையோ துப்பட்டாவோ நீட்டுங்கள். சிக்கியவர் எதிர்நீச்சல் போடக் கூடாது. மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதந்து, நீரோட்டம் போகிற போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒருவர் உடனே 18க்கோ 112க்கோ அழைக்கட்டும். 18 தீயணைப்புப் படை, ஆற்றுக்கு வருவதும் அவர்கள்தான். பக்கத்துப் பாலத்தின் பெயரைச் சொல்லுங்கள், இடக்கரையா வலக்கரையா என்றும் சொல்லுங்கள். நீர் போகும் திசையைப் பார்த்து நின்று இடம் வலம் பார்க்க வேண்டும்.

பாரிஸில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குப் பலகையில் இருக்கும் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. கரைக்கு வந்த பிறகு நான் சொன்னால், உற்சாகத்தைக் கெடுக்க வந்தவன் என்றுதான் பார்ப்பார்கள். புறப்படும் முன்பே, வீட்டில் வைத்து, நீங்கள் சொல்லுங்கள். குழந்தைகளுக்குக் காற்றடைத்த மிதவை வாங்கித் தந்து ஆற்றுக்கு அழைத்து வராதீர்கள், காற்று அதை நடு ஆற்றுக்குத்தான் கொண்டுபோகும்.

என்னோடு வருகிறவர்களுக்கு இந்த ஆண்டிலிருந்து புது நிபந்தனை. காலைக்கூட நனைக்கக் கூடாது. நனைத்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது, முன்பணமும் திரும்ப வராது.