டிராஃபிக் டிக்கெட்டில் ஒரு 14 டாலர்: டெக்ஸாஸ் நகர நீதிமன்றக் கட்டணம் எங்கே போகிறது?

பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்கு அமெரிக்க நீதிமன்றத்தோடு முதல் பழக்கமே, வேகமாக ஓட்டியதற்கு வாங்கும் டிக்கெட்டால்தான். கட்டச் சொல்லும் தொகையைப் பார்த்ததும் "அபராதம் இவ்வளவா?" என்று மலைப்பு வரும். உண்மையில் அதில் அபராதம் ஒரு பங்குதான். டெக்ஸாஸில் சாதாரண போக்குவரத்துக் குற்றத்துக்கு அபராத உச்சவரம்பே பொதுவாக 200 டாலர். அதற்கு மேல், எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி ஏறும் கட்டணங்கள் மட்டும் 134 டாலர்.

நகரப் போலீஸ் எழுதிய வேக டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 134-இல் 62 டாலர் மாநில அரசின் ஒருங்கிணைந்த நீதிமன்றக் கட்டணம். 50 டாலர் மாநிலப் போக்குவரத்து அபராதம்; பெயர் அபராதம் என்றாலும் இதுவும் எல்லோருக்கும் ஒரே தொகைதான். இது 2019 செப்டம்பருக்கு முன் 30 டாலராக இருந்தது. விதி மீறிய டிரைவர்கள்மீது ஆண்டுதோறும் கூடுதல் கட்டணம் போட்டு, கட்டாதவர்களின் லைசென்ஸை முடக்கிவந்த பழைய திட்டத்தை அந்த ஆண்டு ஒழித்தார்கள். அந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் 50 ஆக்கினார்கள். இதன் ஒரு பகுதி விபத்தில் அடிபட்டவர்களைப் பார்க்கும் சிறப்பு மருத்துவமனைகளுக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் போகிறது. ஆக, 112 டாலர் மாநிலக் கருவூலத்துக்கு. வசூலித்துக் கொடுப்பதற்காக நகரம் அதில் சிறு கழிவை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஊரிலேயே தங்குவது 22 டாலர். டிக்கெட் எழுதிய போலீஸ் சேவைக்கு 5, சாலைப் பராமரிப்புக்கும் போக்குவரத்துக் கண்காணிப்புக்கும் 3, மிச்சம் 14. இந்த 14 டாலரின் பெயர் உள்ளூர் ஒருங்கிணைந்த கட்டணம். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் பாதுகாப்புக்கு, கணினிக்கு, சிறார் வழக்குக்கு என்று தனித்தனிக் கட்டணங்கள் இருந்தன; சிலவற்றை நகர மன்றம் தீர்மானம் போட்டால்தான் வசூலிக்க முடியும். இப்போது மாநிலம் முழுக்க ஒரே தொகை. டிக்கெட் மட்டுமல்ல, சிறைத் தண்டனை இல்லாத எந்தச் சிறு குற்றத்துக்கும் இது உண்டு.

கோயிலில் அன்னதான உண்டியலும் திருப்பணி உண்டியலும் தனித்தனியாக இருக்குமே, இந்த 14 டாலரும் அப்படித்தான் நான்காகப் பிரிகிறது. ஒன்றில் விழுந்ததை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது.

முதலாவது, 4 டாலர் 90 சென்ட், நீதிமன்றக் கட்டடப் பாதுகாப்புக்கு. வாசலில் நிற்கும் மெட்டல் டிடெக்டர், பையைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம், குண்டு துளைக்காத கண்ணாடி, காவலரின் சம்பளம் எல்லாம் இதிலிருந்து. இரண்டாவது, 4 டாலர், தொழில்நுட்பத்துக்கு. நீதிமன்றத்தின் கணினிகளோடு, சாலையோரம் நிறுத்தி டிக்கெட் அடித்துக் கொடுக்கிறார்களே, அந்தக் கைக்கருவியையும் இந்தப் பணத்தில் வாங்கலாம். அடுத்த டிக்கெட்டுக்கான செலவையும் நாமே கொடுத்துவிட்டு வருகிறோம்! ஜூரிக்கு 10 சென்ட். டிராஃபிக் டிக்கெட்டுக்குக்கூட ஆறு பேர் கொண்ட ஜூரி விசாரணை கேட்கும் உரிமை இங்கே உண்டு.

மீதமுள்ள 5 டாலர்தான் என் கணக்கில் உருப்படியான செலவு. பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளையும் சிறு குற்றங்களில் சிக்கும் பிள்ளைகளையும் கவனிக்க, நகர நீதிமன்றங்கள் சிறார் வழக்கு மேலாளர் என்ற அலுவலரை வைத்துக்கொள்ளலாம். அவருடைய சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் இந்த நிதி. பள்ளிக்குப் போகாததை டெக்ஸாஸ் ஒரு காலத்தில் குற்றமாகவே வைத்திருந்தது. 2015-இல் சட்டம் மாறி அது சிவில் வழக்கானது. 2023-இல் வந்த இன்னொரு சட்டப்படி, போக்குவரத்து தவிர்த்த சிறு குற்றங்களில் மாட்டும் சிறாரை, தண்டனைக்கு முன் ஆலோசனை, பயிற்சி, சமூகப் பணி என்று திருப்பிவிடும் திட்டம் 2025 ஜனவரி முதல் கட்டாயம். அதற்கான பணமும் இதே உண்டியலிலிருந்துதான்.

பள்ளிக்கூடம் அருகே, குழந்தைகள் சாலையைக் கடக்கும் பகுதியில் பிடிபட்டால் இன்னொரு 25 டாலர் கூடும். நின்றிருக்கும் பள்ளிப் பேருந்தைத் தாண்டிப் போனாலும் அப்படியே. அது குழந்தைப் பாதுகாப்பு நிதி. காலையிலும் மாலையிலும் கையில் 'ஸ்டாப்' பலகையோடு நிற்கிறவர்களுக்கான ஏற்பாட்டுக்கு இந்தப் பணம் போகிறது. இதில் ஒரு முரண் இருக்கிறது. ஊரில் எல்லோரும் ஒழுங்காக ஓட்டினால் இந்த நிதி வற்றிவிடும். ஆனால் சாலையைக் கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையாது. அப்போது நகரம் பொது வரிப்பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். முதலிலிருந்தே அப்படிக் கொடுத்தால் என்ன என்பது நியாயமான கேள்வி.

குற்றத்திலிருந்து வரும் காசை நம்பி நிர்வாகம் ஓடினால் என்ன ஆகும் என்பதை மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரம் காட்டிவிட்டது. 2015-இல் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட விசாரணை அறிக்கைப்படி, அந்த ஆண்டு நகரின் சுமார் 1.3 கோடி டாலர் பொதுநிதியில் 30 லட்சத்துக்கு மேல் அபராதம், கட்டணம் மூலம் வரும் என்று பட்ஜெட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். போலீஸ் யாருக்காக வேலை செய்தது என்பது அதிலேயே தெரியும். டெக்ஸாஸில் இதற்குப் பழைய தடுப்பு ஒன்று உண்டு: 5,000 பேருக்குக் குறைவான ஊர், போக்குவரத்து அபராத வசூல் தன் முந்தைய ஆண்டு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டினால், மேற்கொண்டு வருவதில் அபராதத்துக்கு ஒரு டாலர் போக மற்றதை மாநிலத்துக்கு அனுப்பிவிட வேண்டும். போலீஸுக்கு 'இத்தனை டிக்கெட் எழுது' என்று கோட்டா வைப்பதும் சட்டப்படி கூடாது.

பணம் இல்லாதவர் என்ன செய்வது? 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஹூஸ்டனிலிருந்து போனதுதான். 425 டாலர் டிராஃபிக் அபராதம் கட்ட முடியாத ஒருவரை, நாளுக்கு 5 டாலர் கழிவாக 85 நாள் சிறைப் பண்ணைக்கு அனுப்பியிருந்தார்கள். அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றத்தை, ஏழை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையாக மாற்ற முடியாது என்று தீர்ப்பு வந்தது. இன்று கட்ட வசதியில்லை என்று நீதிபதியிடம் சொன்னால் தவணை கேட்கலாம், சமூகப் பணி கேட்கலாம், நிலைமையைப் பொறுத்துத் தள்ளுபடிகூடக் கிடைக்கும். எட்டு மணி நேரச் சமூகப் பணிக்குக் குறைந்தது 100 டாலர் கழியும். தீர்ப்பான 31-ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ கட்டினால் 15 டாலர் கூடுதல் என்பதையும் மறக்க வேண்டாம்.

டெக்ஸாஸ் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், டிக்கெட்டைத் தீர்க்கும் வழியாகப் பாதுகாப்பு ஓட்டுநர் வகுப்பைக் கேட்பது வழக்கம். கடந்த 12 மாதத்தில் அதே வழியில் வேறு டிக்கெட்டைத் தீர்த்திருக்கக் கூடாது. வேகம் வரம்பைவிட 25 மைல் கூடியிருக்கக் கூடாது. மணிக்கு 95 மைலை எட்டியிருக்கக் கூடாது. ஆட்கள் வேலை செய்யும் கட்டுமானப் பகுதியாக இருக்கக் கூடாது. கமர்ஷியல் லைசென்ஸ்காரர்களுக்கு இது கிடையாது. டிக்கெட்டில் போட்ட தேதிக்குள் கேட்டுவிட வேண்டும். வகுப்பு முடித்தால் அபராதமும் போகும், வழக்கும் தள்ளுபடியாகும். ஆனால் 134 டாலர் போகாது. நிர்வாகச் செலவாக 10 டாலர் வரை சேர்த்து 144 கட்ட நேரும். அந்த 14 டாலரும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

உங்கள் ஊரில் இந்த நிதிகளில் எவ்வளவு சேர்ந்து எதற்குச் செலவானது என்று பார்க்க, நகரத்தின் ஆண்டு பட்ஜெட்டில் சிறப்பு நிதிகள் என்ற பகுதியைப் புரட்டுங்கள். அதில் தெளிவில்லை என்றால், டெக்ஸாஸ் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் நகரச் செயலருக்கு எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.