பூர்வீகம் எது?

ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கும் பஸ். ஒரு கதையில் இப்படி ஒரு காட்சி வருவதாக வைத்துக்கொள்வோம். ஜன்னலோரம் ஓர் இளம் ஆசிரியை. பக்கத்து சீட்டு அம்மா பிரியமாகக் கேட்கிறார்.

"எந்த ஊரும்மா?"

"கூடலூர்தாங்க."

"அது சரி, பூர்வீகம் எது?"

"தாத்தா சிலோன்ல இருந்து வந்தவர்."

"அப்படியா! பரவாயில்லையே, படிச்சு டீச்சர் ஆயிட்டியே."

ஆசிரியை சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கதாசிரியர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல அம்மா, பாராட்டுகிறார் என்று ஒருவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கே வந்து, டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் பிள்ளைகளை வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர் 'பரவாயில்லையே'வைத் தாண்ட மாட்டார்.

கதை சொல்லாமல் விடுவதை நம் நினைவு நிரப்புகிறது. 1977இல் பிச்சர்ட், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் ஒரு வீட்டைப் பற்றிய பகுதியைச் சிலரைத் திருடனாகவும் சிலரை வீடு வாங்க வந்தவராகவும் நினைத்து வாசிக்கச் சொன்னார்கள். திருடனுக்கு விலையுயர்ந்த பொருட்கள் நினைவில் நின்றன. வாங்க வந்தவருக்குக் கூரை ஒழுகுவது. சொன்னதும் ஒட்டிக்கொள்ளும் வேடத்துக்கே இவ்வளவு பலம் என்றால், முப்பது வருட வாழ்க்கைக்கு எவ்வளவு இருக்கும்!

அமெரிக்கக் கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ், வெள்ளையர்களிடமிருந்து கறுப்பினத்தவர் அன்றாடம் வாங்கும் இதுபோன்ற சின்னக் குத்தல்களுக்கு 1970இல் 'மைக்ரோஅக்ரெஷன்' என்று பெயர் வைத்தார். ஒவ்வொன்றும் சிறியது, சேர்ந்துதான் காயமாகிறது என்றார். முதல் வாசகருக்கு இது ஒரே ஒரு பேச்சு. இரண்டாமவர் காதில் இதற்கு முன் கேட்ட அத்தனையும் சேர்ந்து ஒலிக்கிறது.

அவரைத் தொட்டாற்சிணுங்கி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எதையும் கற்பனை செய்யவில்லை. குத்தல் எழுத்திலேயே இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட மேலாக ஒன்று நடந்தால்தான் இந்தத் தொனியில் 'பரவாயில்லையே' என்போம். டாக்டர் வீட்டுப் பெண் டீச்சரானால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிலோன்காரர் வீட்டில் படிப்பை எதிர்பார்க்கவில்லை என்பது அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் இல்லாமலே இருக்கலாம். சொல் சுமந்து வருவதைச் சுமந்துதான் வரும்.

திருடன் வேடச் சோதனைக்கு அடுத்த ஆண்டு பிச்சர்ட், ஆண்டர்சன் இருவரும், வாசித்து முடித்தவர்களிடம் வேடத்தை மாற்றி மறுபடி நினைவுகூரச் சொன்னார்கள். முதலில் வராத விவரங்கள் இப்போது வந்தன. கண்ணில் பட்டவைதான், கவனத்தில் ஏறாமல் இருந்திருக்கின்றன.

அப்படியே ஜன்னலோர சீட்டுக்கு மாறி உட்கார்ந்து பஸ் காட்சியை வாசித்தால், 'பரவாயில்லையே' வருவதற்கு வெகு முன்பே, 'அது சரி' என்ற இடத்திலேயே அந்தப் பெண்ணின் முகம் மாறுவது தெரியும். கூடலூர் என்ற பதில் அங்கேயே செல்லாமல் போய்விட்டது.