விசா: பார்த்த தாளா, கொடுத்த இசைவா?

துபாய்க்குக் கிளம்புகிறவரிடம் “விசா ஸ்டாம்பிங் முடிஞ்சுதா?” என்று ஊரில் கேட்பார்கள். அந்தச் சொல்லின் பிறப்பும் முத்திரையை ஒட்டியதுதான். இலத்தீனில் ‘விதேரே’ என்றால் பார்த்தல். ‘கார்த்தா விசா’ என்றால் பார்க்கப்பட்ட தாள். பயணியின் தாளை அதிகாரி பார்த்துவிட்டார் என்பதற்கான குறிப்பு அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பிறகு நம்மிடம் வந்தது. வீடியோவும் டெலிவிஷனும் இதே வேரில் கிளைத்தவைதான். இலங்கையில் ‘வீசா’ என்று நீட்டி எழுதுவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நுழைவுச்சீட்டு என்றால் பொருட்காட்சி டிக்கெட் நினைவுக்கு வருகிறது. நுழைவுரிமை என்று எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உரிமை என்பது நம்முடையது. விசா அப்படியில்லை, கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். இந்த வேறுபாட்டை உலகமே பார்த்தது 2022 ஜனவரியில், மெல்பர்னில்.

டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் கோவிட் தடுப்பூசி போடாதவர். ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆட அவருக்கு மருத்துவ விலக்கு தரப்பட்டிருந்தது. டிசம்பரில் தொற்று வந்து போனது என்பது காரணம். விசாவும் கையில் இருந்தது. ஜனவரி 5 நள்ளிரவை ஒட்டி அவர் வந்து இறங்கினார். அந்த விலக்கை ஏற்க எல்லைக் காவல் அதிகாரிகள் மறுத்தார்கள். போட்டி நடத்துபவர்கள் கொடுத்தது ஆடுவதற்கான விலக்கு. நாட்டுக்குள் விடுவது கூட்டாட்சி அரசின் முடிவு. கதவுகள் இரண்டு, சாவிகளும் இரண்டு.

பதில் சொல்ல அவருக்குக் காலை 8.30 வரை நேரம் என்றார்கள். ஆனால் 7.42-க்கே விசாவை ரத்து செய்துவிட்டார்கள். இந்த நேரக் கணக்கை வைத்துத்தான் 10-ஆம் தேதி நீதிபதி அந்த ரத்து செல்லாது என்றார். 14-ஆம் தேதி குடிவரவு அமைச்சர் அலெக்ஸ் ஹாக், சட்டம் தனக்குத் தனிப்பட்ட முறையில் தந்திருந்த அதிகாரத்தைக் கொண்டு மறுபடி ரத்து செய்தார். ஜோகோவிச்சால் நோய் பரவும் என்பது காரணமில்லை. அவர் அங்கே இருப்பது தடுப்பூசி எதிர்ப்பு மனநிலையைத் தூண்டக்கூடும் என்றார். 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் ஒருமனதாக அதை நிலைநிறுத்தினார்கள். முடிவு நல்லதா என்பது அவர்கள் முன் இருந்த கேள்வி இல்லை, சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதே. அன்றிரவே ஜோகோவிச் விமானம் ஏறினார்.

இதையெல்லாம் தாங்கக்கூடிய தமிழ்ச் சொல் ‘இசைவு’. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். இசைவு கேட்கலாம், கொடுக்கலாம், மறுக்கலாம், திரும்பப் பெறலாம்; எல்லா வினைகளும் இயல்பாக ஒட்டுகின்றன. ‘நுழைவிசைவு’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. சிங்கப்பூரிலும் ‘குடிநுழைவு’ என்பது அன்றாட அரசுச் சொல். ஆகவே காதுக்கும் புதிதில்லை.

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்துகிறது. நுழைவதோடு விசாவின் வேலை முடிவதில்லை. அதே வாரத்தில் செக் நாட்டு இரட்டையர் ஆட்டக்காரர் ரெனாட்டா வோராச்சொவாவின் விசாவும் ரத்தானது. அவர் அதற்கு முன்பே உள்ளே வந்து ஒரு போட்டியில் ஆடியும் விட்டார். நுழைந்தவரைத் தங்க விடுவதும் விசாதான்.

ஜோகோவிச்சைக் காவலில் வைத்திருந்தது மெல்பர்னின் கார்ல்டன் பகுதியில் உள்ள பார்க் ஹோட்டலில். அங்கே அகதிகள் சிலரும் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் காவலில் அவர்களுக்குப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. ஜோகோவிச்சுக்காகக் கேமராக்கள் வந்தபோதுதான் ஜன்னல் வழியே அவர்களையும் உலகம் பார்த்தது. விசா ரத்தானதால் ஜோகோவிச்சுக்கு இருந்த மூன்றாண்டு நுழைவுத் தடை அந்த ஆண்டு நவம்பரிலேயே விலக்கப்பட்டது. 2023-இல் வந்து பத்தாவது முறையாகப் பட்டம் வென்றார். ஹோட்டலில் மிஞ்சியிருந்த அகதிகளை 2022 ஏப்ரலில் வெளியே விட்டார்கள், இடைக்கால விசா கொடுத்து. அதை நுழைவிசைவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர்கள் நுழைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ‘இடைக்கால இசைவு’ என்றே எழுதுவேன்.