யார் மீதும் மோதாவிட்டாலும் வழக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு

"யார் மேலயும் இடிக்கலையே சார், எதுக்குக் கேஸ்?" சிக்னலைத் தாண்டி மாட்டிக்கொள்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. பதில் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 184-வது பிரிவில் இருக்கிறது. ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதே குற்றம். விபத்து நடந்திருக்க வேண்டும், யாருக்காவது அடிபட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது, எவையெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று இந்தப் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். சிவப்பு விளக்கை மீறிப் போவது, 'நில்' பலகையை மதிக்காமல் போவது, ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது, விதிக்கு மாறாக ஓவர்டேக் செய்வது, எதிர்த்திசையில் வருவது ஆகியவை அதில் உள்ளன. கடைசியாகப் பொதுவான ஒன்றும் உண்டு: திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநர் எவரும் ஆபத்து என்று உடனே சொல்லக்கூடிய எந்த ஓட்டுதலும் இதில் அடங்கும்.

முதல் முறை தண்டனை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் அதே குற்றத்தை மறுபடி செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். நீதிமன்றம் போகாமல் அந்த இடத்திலேயே கட்டி முடிக்கும் சமரச அபராதத்தை மாநில அரசுதான் நிர்ணயிக்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறும்.

இந்தப் பட்டியலில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஓவர்டேக். எது முறையானது என்பதை 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். முன்னால் போகும் வண்டி வலது பக்கம் திரும்ப சிக்னல் காட்டி ஒதுங்கியிருந்தால் மட்டும் அதன் இடப்பக்கமாகக் கடக்கலாம். வளைவு, மேட்டின் உச்சி என எதிர்ச்சாலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முந்தக் கூடாது. பின்னால் வருபவர் ஏற்கெனவே உங்களை முந்தத் தொடங்கியிருந்தால் நீங்கள் முந்துவதற்காக வண்டியை வலப்பக்கம் எடுக்கக் கூடாது. உங்களை ஒருவர் முந்தும்போது நீங்கள் வேகத்தைக் கூட்டுவதும் விதிமீறல்தான். இந்தக் கடைசி விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் ஆத்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருவழிச் சாலையில் ஓவர்டேக் ஏன் உயிரைப் பறிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். லாரி 50 கி.மீ. வேகத்தில் போகிறது, உங்கள் கார் 70. வேக வித்தியாசம் 20 கி.மீ., அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். லாரிக்குப் பின்னால் விட்ட இடைவெளி, லாரியின் நீளம், முந்திய பிறகு திரும்ப உள்ளே வரத் தேவையான இடம் மூன்றையும் சேர்த்தால் சுமார் 50 மீட்டர் வரும். அதைக் கடக்க ஒன்பது நொடி ஆகும். அந்த ஒன்பது நொடியில் உங்கள் கார் 175 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 70-இல் வரும் வண்டியும் 175 மீட்டர் வந்திருக்கும். ஆக, முந்தத் தொடங்கும்போது குறைந்தது 350 மீட்டர் சாலை காலியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதிரே வருபவர் 90-இல் வந்தால் 400 மீட்டர் தேவை. அவ்வளவு தூரத்தில் வருகிற வண்டியின் வேகத்தைக் கண்ணால் சரியாக எடைபோட யாராலும் முடியாது. சந்தேகம் வந்தால் லாரிக்குப் பின்னாலேயே போங்கள்.

இடப்பக்கமாக நுழைவதில் ஆபத்து வேறு மாதிரி. நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பேருந்து, லாரிகளின் இடப்பக்கம் கேபினை ஒட்டிய பகுதி அவர் கண்ணில் படாது. கண்ணாடியிலும் முழுதாகத் தெரியாது. பேருந்து நிறுத்தத்துக்காக ஒதுங்கும்போதோ இடது பக்கம் திரும்பும்போதோ அங்கே நுழையும் இருசக்கர வாகனம் பின்சக்கரத்துக்கு அடியில் போகிறது. திரும்பும்போது நீளமான வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாமல் உள்பக்கமாக நெருங்கி வரும். பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே இடம் இருப்பதுபோலத் தெரிந்தாலும் அது மூடிக்கொண்டுவிடும்.

நான்குவழிச் சாலைகளில் பெரிய பிரச்சினை எதிர்த்திசை ஓட்டம். மீடியன் திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக, பெட்ரோல் பங்கிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஓரமாக ராங் சைடில் வருகிறார்கள். 40-இல் வரும் பைக்கும் 80-இல் வரும் காரும் நொடிக்கு 33 மீட்டர் வேகத்தில் நெருங்குகின்றன. எதிரே வண்டி வரும் என்ற எண்ணமே கார் ஓட்டுபவருக்கு இருக்காது. மூளை அதைப் புரிந்துகொள்ளும் முன்பே தூரம் தீர்ந்துவிடும். அரை கிலோமீட்டர் மிச்சம் பிடிப்பதற்காக எடுக்கக் கூடிய ஆபத்தே இல்லை இது.

கைப்பேசி பற்றி ஒரு விளக்கம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, வழி பார்க்க மட்டும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம்; அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில். ஸ்டாண்டில் பொருத்தி, கிளம்புமுன் இடத்தைப் பதிவு செய்துவிட்டால் சிக்கல் இல்லை. 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள்.

அதிவேகம் 184-இன் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அதற்கு 183-வது பிரிவு தனியாக இருக்கிறது. இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 71.2 விழுக்காட்டினரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை பதிவு செய்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்துகளில் மொத்தம் 17,884 பேர் இறந்தார்கள். இரவில் இது இன்னும் மோசம். 80-இல் போகும் கார் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே சுமார் 70 மீட்டர் வேண்டும். டிம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டுவது அரிது. விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியின் மீது கார்கள் போய்ச் சொருகுவது இதனால்தான்.

பிடிபட்டால் என்ன ஆகும்? அபராதம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 200-வது பிரிவின்படி, சமரச அபராதம் கட்டி முடித்த வழக்கும் ஒரு குற்றமாகக் கணக்கில் ஏறும்; அடுத்த முறை மாட்டினால் 'இரண்டாவது குற்றம்' ஆகிவிடும். 206-வது பிரிவின் 4-வது உட்பிரிவின்படி காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்புவார். அப்போது தற்காலிக ஒப்புகைச் சீட்டு தருவார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. உரிமம் திரும்பக் கைக்கு வரும்வரை ஓட்டினால் அது இன்னொரு குற்றம். இதைத் தெரியாமல் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள், விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கலை இழுத்துக்கொள்கிறார்கள்.

உயிரிழப்பு நேர்ந்தால் வழக்கு 184-உடன் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது இரண்டாண்டாக இருந்தது.

விபத்து நடந்துவிட்டால் ஓட்டுநரின் முதல் கடமை, 134-வது பிரிவின்படி, அடிபட்டவரை அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது. கூட்டம் ஆவேசமாக இருந்து அங்கே நிற்க முடியாத நிலையிலோ, அவர் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ அது முடியாதபோது மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழிப்போக்கர் யாராவது அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அவர் விரும்பாவிட்டால் பெயர், முகவரி, தொலைபேசி எண் எதையும் சொல்லும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.